இனச் சமத்துவக் கலந்துரையாடலில் நம் தலைவர்கள் எதைப் பேச வேண்டும்?

செந்தூல் செயலாளர்:

அனைவருக்கும் வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்தில் உள்ள சில ஆலய நிர்வாகங்களும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், குடியிருப்பாளர் சங்கங்களும் சேர்ந்து, இந்நாட்டில் இன நீதியும் சமத்துவமும் இனி எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பது பற்றிச் சமுதாயத் தலைவர்களின் கலந்துரையாடல் ஒன்றை நடத்த முடிவு செய்திருக்கிறோம். ஏற்பாட்டுப் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. எதைப் பேசுவது, யாரை அழைப்பது என்பதில் உங்கள் கருத்தை நாடியே இதை எழுதுகிறேன்.

இத்தகைய கூட்டங்கள் நமக்குப் புதியவை அல்ல. 2007 நவம்பர் 25 அன்று பல்லாயிரக்கணக்கான நம் மக்கள் உரிமை கேட்டுத் தலைநகர் வீதிகளில் திரண்ட பிறகு, எத்தனையோ மண்டபங்களில் எத்தனையோ தலைவர்கள் பேசிவிட்டார்கள். 2017இல் மலேசிய இந்தியர் பெருந்திட்டம் வெளியிடப்பட்டது. இந்தியச் சமுதாய மேம்பாட்டுக்காகப் பிரதமர் துறையின் கீழ் இருந்த செடிக் என்ற பிரிவு 2018இல் மித்ரா ஆனது. ஆனால் எந்தக் கூட்டமானாலும், இந்தியர்களுக்கு எவ்வளவு ஒதுக்கீடு, அதை யார் கையாள்வது என்ற இரண்டு கேள்விகளிலேயே பேச்சு போய் நின்றுவிடுகிறது. முடிவில் ஒரு மகஜர் தயாராகிறது. அதன் பிறகு அதற்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு ஆள் இருப்பதில்லை.

ஒதுக்கீடு தேவையில்லை என்பது என் கருத்தன்று. மித்ராவின் உதவியால் படித்து முடித்த பிள்ளைகளை எனக்கே தெரியும். ஆனால் வேலை கிடைத்துத் தலைநகருக்கு வரும் ஒரு பிள்ளை வாடகைக்கு அறை தேடும்போது, பெயரைக் கேட்டவுடன் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை என்று பதில் வருகிறதே, அதை எந்த மானியம் தீர்க்கும்? காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட மகன் உயிரோடு திரும்பவில்லை என்று நிற்கும் தாய்க்கு எந்த ஒதுக்கீடு ஆறுதல் தரும்? நாம் கேட்பது உதவியா, உரிமையா என்பதைத் தலைவர்கள் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று நான் உண்மையாகவே கருதுகிறேன்.

ஆகவே என் கேள்விகள் இவை. பேசுபொருளாக எதை முன்வைக்கலாம்? இதை நம் சமுதாயத்துக்குள் மட்டும் பேசுவதா, அண்டையில் உள்ள பள்ளிவாசல் நிர்வாகத்தையும் சீனச் சங்கங்களையும் அழைப்பதா? மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலையைக் கூறும் அரசியலமைப்பின் 153ஆவது பிரிவு குறித்துப் பேச்சு வந்தால் சட்டச் சிக்கல் எழும் என்று சில பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் எவ்வளவு நியாயமானது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.


ஜார்ஜ்டவுன் வழக்கறிஞர்:

செயலாளர் ஐயாவுக்கு வணக்கம். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த அச்சம் நீங்காமல் மற்ற எதையும் மனம் திறந்து பேச முடியாது.

1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பின், 1971இல் அரசியலமைப்பின் 10ஆவது பிரிவு திருத்தப்பட்டது. அதன்படி, குடியுரிமை, தேசிய மொழி, 153ஆவது பிரிவு, மலாய் ஆட்சியாளர்களான சுல்தான்களின் நிலை ஆகியவற்றின் இருப்பையே கேள்விக்குட்படுத்துவதைச் சட்டத்தால் தடை செய்யலாம். அதே திருத்தத்தில், அவை நடைமுறைப்படுத்தப்படும் விதத்தைப் பற்றிப் பேசுவதற்கு விலக்கும் அளிக்கப்பட்டிருக்கிறது என்பதை நம் தலைவர்களில் பலர் கவனிப்பதில்லை. 153 இருக்க வேண்டுமா என்று கூட்டம் கூட்டுவது வேறு. அது எப்படிச் செயல்படுத்தப்படுகிறது, எந்த எல்லையைத் தாண்டிச் செயல்படுத்தப்படுகிறது என்று ஆராய்வது வேறு. இரண்டாவதைத் தாராளமாகப் பேசலாம், பேசவும் வேண்டும். 153இன் முதல் உட்பிரிவே மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடியினர் ஆகியோரின் சிறப்பு நிலையோடு, ஏனைய சமூகங்களின் நியாயமான நலன்களையும் மாமன்னர் பாதுகாக்க வேண்டும் என்று சொல்கிறது. 136ஆவது பிரிவோ, கூட்டரசுப் பணியில் ஒரே தரத்தில் உள்ளவர்களை இனம் பாராமல் நடுநிலையோடு நடத்த வேண்டும் என்கிறது. பதவி உயர்வில் பாரபட்சம் பற்றிப் பேசும் தலைவர்கள் இந்த 136ஐ மேற்கோள் காட்டி நான் இதுவரை கேட்டதில்லை என்பது எனக்கு வருத்தமே.

இனி பேசுபொருளுக்கு வருகிறேன். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று கூறும் 8ஆவது பிரிவு நம்மிடம் இருக்கிறது. மதம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு குடிமக்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்றும் அது சொல்கிறது. பாலினம் என்பது 2001இல்தான் சேர்க்கப்பட்டது. ஆனால் இந்தப் பிரிவு யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. கருவுற்றதால் பணியிழந்த விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில், அரசியலமைப்பு தரும் இந்தப் பாதுகாப்பு அரசுக்கும் அதன் அமைப்புகளுக்கும் எதிராகத்தான் செல்லுமே தவிர, தனியார் ஒருவருக்கு எதிராகச் செல்லாது என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை என்று விளம்பரம் செய்யும் வீட்டுக்காரர் மீது 8ஆவது பிரிவைக் கொண்டு வழக்குத் தொடுக்க வழியில்லை. வாடகைக் குடியிருப்புக்கெனத் தனிச் சட்டம் வரும் என்று பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அது வரும்போது இனப் பாகுபாட்டைத் தடுக்கும் விதி அதில் தெளிவாக இடம்பெற வேண்டும் என்பதை இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

வேலைத்துறையில் ஒரு சிறு வாசல் திறந்திருக்கிறது. 2023 சனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின் 69எஃப் பிரிவின்படி, வேலையிடப் பாகுபாடு குறித்த தகராறைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்று அந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. அது பேசுவது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராற்றைத்தான். நேர்காணலுக்கே அழைக்கப்படாமல் பெயரைப் பார்த்து ஒதுக்கப்பட்டவர் இன்னும் தொழிலாளியே ஆகவில்லை. சிங்கப்பூர் 2025 சனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், ஆள் எடுக்கும் கட்டத்தையும் உள்ளடக்கியது என்பதைத் தலைவர்கள் சுட்டிக்காட்டலாம்.

நான் முன்வைக்க விரும்பும் கோரிக்கை ஒன்றுதான். வாடகை, வேலைவாய்ப்பு, கடைகளிலும் சேவைகளிலும் நடத்தப்படும் விதம் ஆகிய மூன்றிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும், அதை எளிய மக்கள் பயன்படுத்தக்கூடிய ஒரு நடுவர் மன்றமும் நமக்கு வேண்டும். இது கனவன்று, முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் அத்தகைய நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது. அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட வேண்டிய கட்டாயம் இல்லை, முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாள்களுக்குள் முடிவு வழங்கப்பட வேண்டும், இழப்பீடு 250,000 ரிங்கிட் வரை வழங்கலாம். ஒரு வகைப் பாதிப்புக்கு இதைச் செய்ய முடிந்த நாடாளுமன்றத்தால் இன்னொரு வகைக்கும் செய்ய முடியும். பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் 1965இல் வந்தபோது பொது இடங்களை மட்டுமே உள்ளடக்கியது; வீடும் வேலையும் 1968இல்தான் சேர்ந்தன. முதல் சட்டம் முழுமையாக இருக்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.


கெப்போங் இளைஞன்:

வழக்கறிஞர் சொன்ன சட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் இந்தக் கலந்துரையாடலையே இனத்தின் பெயரால் நடத்துவது சரியா என்று ஐயப்படுகிறேன். என் வயதுடையவர்கள் இந்தக் கூட்டங்களுக்கு வராததற்கு முதற்காரணம், மேடையில் இருப்பவர்கள் நம் இனம், நம் பங்கு என்றே பேசுவதுதான். வறுமையை இனம் பார்த்து ஒழிக்க முடியாது. வருமானத்தில் கீழ்நிலை 40 விழுக்காட்டில் உள்ள பி40 குடும்பம் என்றால் அது மலாய்க்காரக் குடும்பமாக இருந்தாலும், இந்தியக் குடும்பமாக இருந்தாலும், சரவாக்கின் ஈபான் குடும்பமாக இருந்தாலும் உதவி ஒன்றாகவே இருக்க வேண்டும். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் 10 ஏ-வும் அதற்கு மேலும் பெற்ற அனைவருக்கும் இன வேறுபாடின்றி, பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேசன் படிப்பில் இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அறிவித்தபோது, அதுவரை ஆண்டுதோறும் நம் தலைவர்கள் இடங்களை எண்ணிக்கொண்டு நின்ற காட்சிக்கு ஒரு முடிவு வரும் என்று நான் மகிழ்ந்தேன். தேவையின் அடிப்படையில் உதவி என்ற ஒரே கோரிக்கையை முன்வைத்தால் எல்லா இன இளைஞர்களும் உங்கள் மண்டபத்துக்கு வருவார்கள்.


தோட்டத்து ஆசிரியை:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தேவையின் அடிப்படை என்று எழுதிவிட்டால் மட்டும் உதவி தேவைப்பட்டவரிடம் போய்ச் சேர்ந்துவிடாது. 1971இன் புதிய பொருளாதாரக் கொள்கையைப் பாருங்கள். அதன் முதல் நோக்கமே இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பதுதான். எழுத்தில் அது நீங்கள் கேட்பதேதான். நடைமுறையில், கிராமப்புற மேம்பாட்டுக்கான சாலையும் குடிநீரும் மின்சாரமும் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றுவிட்டன, ஏனென்றால் தோட்டம் தனியார் நிலம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வாழ்ந்தவர்கள் கிராமத்தவரும் இல்லை, நகரத்தவரும் இல்லை என்றானார்கள். பிறகு ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, வீடும் வேலையும் ஒரே நாளில் பறிபோனவர்கள் நகர்ப்புறப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கு வந்தார்கள். அவர்களை ஏழைகள் என்று எந்தப் பட்டியலும் மறுக்கவில்லை. எந்தப் பட்டியலும் அவர்களைத் தேடிப் போகவும் இல்லை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. சராசரிக் கணக்கில் இவ்வளவு சிறிய பங்கு எளிதில் மறைந்துவிடும். உதவி தேவையைப் பார்த்து வழங்கப்படட்டும். ஆனால் யாருக்குச் சேர்ந்தது என்ற கணக்கை இனவாரியாகவும் மாவட்டவாரியாகவும் வெளியிட வேண்டும் என்பதைக் கோரிக்கையில் சேருங்கள்.

நான் பினாங்குப் பெருநிலத்தில், நிபோங் திபால் பக்கம் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அடையாள ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்காகத் தேசியப் பதிவிலாகாவுக்கு விண்ணப்பம் தயாரிக்க உதவி வருகிறேன். அங்கே நான் கண்டதை உங்கள் தலைவர்கள் முன் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் சமத்துவம் என்ற பேச்சு எல்லாமே குடியுரிமைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. நீல அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்கு 8ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவும் இல்லை, மெட்ரிகுலேசனும் இல்லை, மித்ராவும் இல்லை.

இந்தப் பிள்ளைகளில் பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். தந்தை மலேசியக் குடிமகன். சிக்கல் எங்கே வருகிறது என்றால், பெற்றோரின் திருமணத்தில். சட்டப்படி பதிவு செய்யப்பட்ட திருமணத்தில் பிறக்காத குழந்தை, குடியுரிமையில் தாயின் நிலையையே பின்பற்றுகிறது. தாய் வெளிநாட்டவராகவோ, நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டைக்காரராகவோ, ஆவணமே இல்லாதவராகவோ இருந்தால், தந்தையின் குடியுரிமை குழந்தைக்கு வருவதில்லை. பிறகு திருமணத்தைப் பதிவு செய்தாலும் அது தானாகச் சரியாகிவிடாது. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் உள்துறை அமைச்சுக்கு விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு நல்லது செய்தது. ஆனால் அதே திருத்தம் 15ஏ விண்ணப்பத்துக்கான வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. ஏற்கெனவே தாமதமாக வரும் நம் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எத்தனை தலைவர்கள் மேடையில் பேசினார்கள்?

முசுலிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கிய சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனாலும் ஆலயத்தில் தாலி கட்டிவிட்டால் போதும் என்று இன்றும் திருமணங்கள் நடக்கின்றன. செந்தூல் கூட்டத்துக்கு வரும் ஆலய நிர்வாகத்தினர் அரசை எதுவும் கேட்பதற்கு முன்பே, யாருடைய அனுமதியும் இன்றி, ஒரு முடிவை எடுக்கலாம்: பதிவுச் சான்றிதழைக் காட்டாமல் எங்கள் ஆலயத்தில் திருமணம் நடக்காது. துணைப் பதிவதிகாரிகளாக நியமனம் பெற்றவர்கள் உள்ள ஆலயங்கள் இருக்கின்றன; மற்ற ஆலயங்களும் அதற்கு முயலலாம். இந்த ஒரு தீர்மானம் நிறைவேறினாலே, நாளை பிறக்கும் எத்தனையோ பிள்ளைகள் நாடற்றவர்கள் ஆகாமல் தப்பிப்பார்கள். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது, ஏனென்றால் 17 வயதில் எஸ்.பி.எம். முடித்துவிட்டு, என் பெயருக்கு நேரே ஏன் குடிமகன் அல்லாதவர் என்று இருக்கிறது டீச்சர் என்று கேட்ட பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை.


பழைய தொழிற்சங்கத் தொண்டர்:

ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்தபோது, 1969க்குப் பிந்திய ஆண்டுகள்தான் கண்முன் வந்தன. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, தலைமுறையாக இங்கு ரப்பர்ப் பால் வெட்டிய நம் மக்களில் சுமார் 60,000 பேர் கப்பலேறித் தமிழகம் திரும்பினார்கள். விண்ணப்பிக்கத் தகுதி இருந்தும், விண்ணப்பிக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போனவர்கள் அவர்களில் பலர்.

மற்ற இனத்தவரை அழைப்பதா என்று செயலாளர் கேட்டிருந்தார். கட்டாயம் அழையுங்கள். இந்நாட்டில் பல இனத் தலைவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து சமத்துவம் பற்றிப் பேசியதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1949இல் அமைந்த சமூகத் தொடர்புக் குழுவில் மலாய்த் தலைவர் டத்தோ ஓன் ஜாபாரும் சீனத் தலைவர் டான் செங் லோக்கும் இருந்தார்கள். தலைவராக இருந்தவர் இ. இ. சி. துரைசிங்கம், ஒரு தமிழர். குடியுரிமையைத் தளர்த்துவது, மலாய்க்காரர்களின் பொருளாதார நிலையை உயர்த்துவது ஆகிய இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடாக வைத்து அவர்கள் பேசினார்கள். ஒருவரின் அச்சத்தை மற்றவர் காதுகொடுத்துக் கேட்டதால்தான் அந்தப் பேச்சு நகர்ந்தது.

ஆனால் அந்தக் குழுவின் குறையையும் மறைக்கக் கூடாது. கதவை மூடிக்கொண்டு, கற்றவர்களும் செல்வாக்குள்ளவர்களும் மட்டும் பேசிய பேச்சு அது. தோட்டத் தொழிலாளி அங்கே இல்லை. எல்லா இனத் தொழிலாளர்களையும் திரட்டிய அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் அதற்கு முந்திய ஆண்டே தடைசெய்யப்பட்டிருந்தது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, குழு பேசிக்கொண்டிருந்த அதே 1949இல், மே 4ஆம் நாள், புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். மேலே ஒரு பேச்சு, கீழே ஒரு நடப்பு என்ற அந்த இடைவெளி இன்றுவரை மூடப்படவில்லை என்பதே என் கருத்து. உங்கள் மண்டபத்தில் தலைவர்களுக்கு இணையாக, துப்புரவுத் தொழிலாளியும், பாதுகாவலர் வேலை செய்பவரும், அடுக்குமாடி வீட்டில் வாடகை பாக்கியோடு வாழும் தனித்தாயும் பேச வேண்டும். அவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள். தலைவர்கள் அதைக் கேட்ட பிறகு பேசட்டும்.

நம்மால் ஆனதை நாமே செய்துகொண்ட காலமும் இருந்தது. ஆங்கிலேயர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர்களின் சிறு பங்குத்தொகையைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். கெப்போங் தம்பி போன்றவர்கள் அந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2018 நவம்பரில், எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிக்கும் அனைத்துலக உடன்படிக்கையில் கையெழுத்திடப் போவதில்லை என்று அரசு அறிவித்தது. அதன் பிறகும் டிசம்பர் 8 அன்று அந்த உடன்படிக்கையை எதிர்த்துத் தலைநகரில் பெரும் பேரணி நடந்தது. அதில் கலந்துகொண்டவர்களைப் பகைவர்களாக நான் பார்க்கவில்லை. தங்கள் பிள்ளைகளின் படிப்பும் வேலையும் பறிபோகும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. பின்தங்கிய சமூகங்களுக்கான சிறப்பு நடவடிக்கைகளை, அவற்றின் நோக்கம் நிறைவேறும் வரை அந்த உடன்படிக்கையே அனுமதிக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் அமைதியாக எடுத்துச் சொல்லவில்லை. இந்தோனேசியாவும் பாகிஸ்தானும் துருக்கியும் அதில் இணைந்திருக்கின்றன. பள்ளிவாசல் நிர்வாகத்தினர் உங்கள் மண்டபத்துக்கு வந்தால், அந்தப் பேச்சை அங்கேயாவது தொடங்கலாம்.


பிரிக்பீல்ட்ஸ் வாசகி:

ஐயா, அம்மா எழுதிய எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஆயினும் இதுவரை பேசப்பட்டது எல்லாம் நமக்கு என்ன வர வேண்டும் என்பதே. நம்மிடமிருந்து பிறருக்கு வர வேண்டிய நீதியும் பேசுபொருளில் இடம்பெற வேண்டும்.

என் வீட்டருகே உள்ள உணவகங்களில் தமிழகத்திலிருந்து வந்த பிள்ளைகள் காலை முதல் நள்ளிரவு வரை வேலை செய்கிறார்கள். பலருடைய கடப்பிதழ் முதலாளியின் கையில் இருக்கிறது. பிறர் கடப்பிதழை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம். முதலாளியும் தமிழர், தொழிலாளியும் தமிழர். குடியுரிமை ஒன்றுதான் வேறுபாடு. இதே நகரில் பெண்கள், அந்நியத் தொழிலாளர்கள் ஆகியோரின் உரிமைக்கான தெனாகனித்தா அமைப்பை நிறுவிய ஐரின் பெர்னாண்டஸ், குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் அந்நியத் தொழிலாளர்கள் பட்ட கொடுமைகளை 1995இல் வெளியே கொண்டுவந்ததற்காக வழக்கைச் சந்தித்தார். 2003இல் தண்டிக்கப்பட்டு, 2008இல்தான் விடுவிக்கப்பட்டார். ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களின் மகள் அவர். தன் பெற்றோர் எப்படி வந்தார்கள் என்பதை அவர் மறக்கவில்லை. நம் தலைவர்களும் மறக்கக் கூடாது. வீடுகளில் வேலை செய்யும் பெண்களுக்குக் குறைந்தபட்ச சம்பளச் சட்டம் இன்றும் பொருந்தாது என்பதும் கவனத்துக்குரியது.

தடுப்புக் காவல் மரணங்களைச் செயலாளர் குறிப்பிட்டிருந்தார். சுதந்திரமான புகார் ஆணையம் ஒன்று வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் 2005இலேயே பரிந்துரைத்தது. 2023 சூலை 1 அன்று நடப்புக்கு வந்த காவல் நடத்தை ஆணையம் விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். தானே தண்டிக்க முடியாது. இதைக் கோரிக்கையாக வைக்கும்போது, இறந்தவர்களில் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இது நம் பிரச்சினை மட்டும் என்று ஒதுக்கப்படும்போதுதான் கோரிக்கை வலுவிழக்கிறது.

இன்னொரு செய்தி. உங்கள் பேச்சாளர் பட்டியலில் பெண்கள் எத்தனை பேர்? சாதியின் பெயரால் ஆலய நிர்வாகத்தில் இடம் மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? சமத்துவம் கேட்கப்போகும் மேசையில் அது தெரிய வேண்டும்.


செந்தூல் செயலாளர்:

நன்றி. உங்கள் ஒவ்வொருவரின் கருத்தையும் ஏற்பாட்டுக் குழுவுக்கு வாசித்துக் காட்டினேன். பேச்சாளர் பட்டியலில் பெண் ஒருவர்தான் இருந்தார்; அதை மாற்றுவதற்குக் குழு இசைந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரம் வட்டார மக்களே பேசுவார்கள்.

பேசுபொருள் இப்படி அமைகிறது. ஆலயத் திருமணப் பதிவு பற்றிய தீர்மானத்தை அன்றைக்கே நிறைவேற்ற முயல்வோம். நான்கு ஆலயங்கள் இசைவு தெரிவித்திருக்கின்றன, ஒன்று தன் ஆண்டுக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்கிறது. பாகுபாட்டுத் தடுப்புச் சட்டமும் நடுவர் மன்றமும் அரசிடம் வைக்கும் முதன்மைக் கோரிக்கையாக இருக்கும். வாடகை மறுக்கப்பட்டதற்கான விளம்பரங்களையும் குறுஞ்செய்திகளையும், ஆள் பெயர்களை நீக்கிவிட்டு, இப்போதிருந்தே திரட்டத் தொடங்குகிறோம். இனவாரியான, மாவட்டவாரியான கணக்கு வெளியிடப்பட வேண்டும் என்ற ஆசிரியை அம்மாவின் கோரிக்கையைச் சேர்த்துவிட்டோம். அந்நியத் தொழிலாளர் பற்றிய பகுதிக்குக் குழுவில் எதிர்ப்பு எழுந்தது, ஏனென்றால் நன்கொடையாளர்களில் உணவக உரிமையாளர்களும் இருக்கிறார்கள். அதை நீக்க நான் உடன்படவில்லை, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்றில் மட்டும் உதவி வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் சீனச் சங்கத்துக்கும் அழைப்பை எப்படி எழுதுவது? இன நீதி என்று தலைப்பிட்டால் தங்களைக் குற்றம் சாட்ட அழைக்கிறோம் என்று எண்ணிவிடுவார்களோ என்ற தயக்கம் குழுவில் இருக்கிறது.


ஜார்ஜ்டவுன் வழக்கறிஞர்:

தலைப்பை மாற்றாதீர்கள். மென்மையான தலைப்பில் அழைத்துவிட்டு மண்டபத்தில் வேறு பேசினால் நம்பிக்கை போய்விடும். அழைப்பின் முதல் பத்தியில், வாடகையும் வேலையும் மறுக்கப்படுவது எல்லா இனத்தவருக்கும் நேர்கிறது என்பதையும், அவர்கள் வட்டாரத்தில் நேர்ந்ததை அவர்கள் வாயால் கேட்க விரும்புகிறோம் என்பதையும் எழுதுங்கள். மாண்டரின் தெரியாதவர்களை நேர்காணலுக்கே அழைக்காத நிறுவனங்களைப் பற்றி மலாய் இளைஞர்களும் குறைகூறி வருகிறார்கள். அவர்களுக்கும் இந்தச் சட்டம் தேவைப்படுகிறது. 153ஐ ஒழிப்பது நோக்கமன்று, அனைவருக்கும் பொருந்தும் பாகுபாட்டுத் தடுப்புச் சட்டமே நோக்கம் என்று இரண்டாம் பத்தியில் தெளிவாகவே சொல்லிவிடுங்கள்.

அழைப்பைத் தமிழில் எழுதிவிட்டுப் பெயர்க்க வேண்டாம். மலாயிலேயே எழுதுங்கள், முடிந்தால் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வரைவை இங்கே இட்டால் சட்டப் பகுதிகளை நான் சரிபார்த்துத் தருகிறேன். உணவக உரிமையாளர்களிடம் பேசும்போது கடப்பிதழ்ச் சட்டத்தின் பிரிவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டனை என்ன என்று பலருக்குத் தெரியாது.


தோட்டத்து ஆசிரியை:

ஆண்டுக் கூட்டம் வரை காத்திருக்கச் சொன்ன ஆலயத்தின் தலைவரிடம் நான் பேசலாமா? நாடற்ற பிள்ளைகளின் குடும்பங்களில் இரண்டு, தலைநகருக்கு வந்து பேச ஒப்புக்கொண்டிருக்கின்றன. மண்டபத்துக்கு வருவதற்கு முன் அவர் அவர்களைச் சந்தித்தால் நல்லது. அவருக்கு வசதிப்படும் நாளைச் சொல்லுங்கள். நான் பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் அவர்களை அழைத்து வருகிறேன்.